கூடுதல் இருபது கிரெடிட்: யாருக்காக?



பொறியியல் இரண்டாம் ஆண்டு முடியும் வேளையில் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "கல்லூரியில் ஆனர்ஸ் பட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுகிறார்கள். கொடுக்கலாமா, வேண்டாமா?" பிள்ளை தொலைபேசியில் கேட்கிறான். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை செய்துகொண்டிருக்கும் தகப்பனுக்கு அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் விளங்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு மேன்மை இருப்பதாகத் தோன்றுகிறது. "நல்லதுதானே, சேர்ந்துகொள்" என்று இரண்டு நிமிடங்களில் பதில் சொல்லிவிடுகிறார். அந்த இரண்டு நிமிடப் பதில் அடுத்த இரண்டு ஆண்டுகளை ஆளப்போகிறது என்பதை இருவரும் அப்பொழுது அறிவதில்லை.

சித்தூர், பலமநேர், குப்பம், புத்தூர், நகரி ஆகிய ஊர்களிலிருந்து பிழைப்புக்காக நகரங்களுக்கு வந்த நம்முடைய குடும்பங்களில் பல, தங்கள் பிள்ளைகளைச் சொந்தப் பகுதியிலேயே, சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள கல்லூரிகளில் படிக்க வைக்கின்றன. அப்படிப்பட்ட குடும்பங்களை மனதில் வைத்து, இந்த ஆனர்ஸ் என்பது என்ன, அதற்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இம்மாதம் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஒரே சொல், மூன்று பொருள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ஆனர்ஸ் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை.

நம்முடைய பாட்டனார் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் இருந்தது. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே நம் பகுதிப் பிள்ளைகளும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையே எழுதினார்கள். இண்டர்மீடியட் முடித்த ஒருவர் சாதாரணப் பட்டத்தை இரண்டு ஆண்டுகளில் பெறலாம். ஆனர்ஸ் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆழமாகப் படிக்க விரும்பியவருக்கு ஓராண்டு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது.

இக்காலத்தில் கலை, அறிவியல் கல்லூரிகளிலும் ஆனர்ஸ் வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு பாடத்திட்ட வரைவமைப்பை வெளியிட்டது. அதன்படி மூன்று ஆண்டுகள் படித்து 120 கிரெடிட் பெற்றால் சாதாரணப் பட்டம். நான்காவது ஆண்டும் படித்து 160 கிரெடிட் பெற்றால் ஆனர்ஸ் பட்டம். இங்கேயும் ஆனர்ஸுக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கிறது.

பொறியியலில் கதை வேறு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018 ஜனவரியில் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில், நான்கு ஆண்டுப் பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்தது. அதற்குமேல் 20 கிரெடிட் பெறுகிற மாணவருக்கு ஆனர்ஸ் பட்டமோ, வேறொரு துறையில் மைனர் என்னும் துணைப் பட்டமோ வழங்கலாம் என்றும் சொன்னது. இந்த 20 கிரெடிட்டுகளை இணையவழிப் பாடங்களின் மூலமாகவும் பெறலாம் என்று வழி திறந்தது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பல பொறியியல் கல்லூரிகள் இணைந்திருக்கும் அனந்தபூர் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 2020-21இல் சேர்ந்த மாணவருக்கான விதிமுறைகளில் இதே முறையை ஏற்றுக்கொண்டது.

கலை, அறிவியல் மாணவனுக்கு 160 கிரெடிட் என்பதே ஆனர்ஸ். பொறியியல் மாணவனுக்கு 160 கிரெடிட் என்பது சாதாரணப் பட்டம். ஆனர்ஸ் வேண்டுமானால் 180. ஆனால் ஆண்டு மட்டும் கூடவில்லை. அதே நான்கு ஆண்டுகள்தான்.

அக்காலத்து ஆனர்ஸிலும், இக்காலத்துக் கலைக் கல்லூரி ஆனர்ஸிலும் பாடத்தோடு காலமும் கூட்டப்பட்டது. பொறியியல் ஆனர்ஸில் பாடம் கூடுகிறது, காலம் கூடவில்லை. கூடாத அந்தக் காலத்தை மாணவன் எங்கிருந்து கொண்டுவரப் போகிறான்? இதுவே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஒன்பதாவது பருவம்

இருபது கிரெடிட் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் அது ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். பி.டெக். படிப்பின் 160 கிரெடிட்டை எட்டுப் பருவங்களால் வகுத்தால், ஒரு பருவத்துக்குச் சராசரியாக 20 கிரெடிட். ஆகவே கூடுதல் 20 கிரெடிட் என்பது ஒரு முழுப் பருவத்தின் படிப்பு. எட்டுப் பருவங்களுக்குள் ஒன்பதாவது பருவம் ஒன்றைச் செருகுகிறோம்.

அதுவும் எட்டுப் பருவங்களிலும் பரவலாகச் செருகுவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே பெரும்பாலும் ஆனர்ஸில் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். ஆகவே கடைசி நான்கு பருவங்களில், பருவத்துக்கு ஐந்து கிரெடிட் வீதம் சுமை ஏறுகிறது. கடைசிப் பருவம் திட்டப்பணிக்கும் தொழிற்பயிற்சிக்கும் போய்விட்டால், மீதி மூன்று பருவங்களில் ஏறக்குறைய ஏழு கிரெடிட் வீதம் ஏறும். வேலைவாய்ப்பு நேர்காணல்கள் வருவதும், கேட் தேர்வுக்கு ஆயத்தமாவதும் இதே காலத்தில்தான்.

ஐந்து கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேர வகுப்பு. வகுப்பில் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தானாக உட்கார்ந்து படிக்க ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வேண்டும். ஆக, வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

168 மணி நேரம்

ஏழையானாலும் செல்வந்தனானாலும் ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம்தான். சித்தூரில் வீட்டிலிருந்துகொண்டு திருப்பதியில் உள்ள கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வருகிற ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாட்களுக்கு 24 மணி நேரம். வாரத்தில் ஒரு முழு நாள் சாலையிலேயே கழிகிறது.

உறக்கம் நாளுக்கு ஏழு மணி வீதம் 49. கல்லூரி நேரம் நாளுக்கு ஏழு மணி வீதம் 42. உண்ண, குளிக்க, துணி துவைக்க, வீட்டு வேலைக்கு உதவ நாளுக்கு மூன்று மணி வீதம் 21. ஞாயிறு ஆராதனை, வாலிபர் கூட்டம் ஆகியவற்றுக்கு ஆறு. பேருந்து நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 142. மீதி 26 மணி நேரம். வழக்கமான பாடங்களைப் படிக்கவும், ஆய்வகக் குறிப்பேடு எழுதவும், தேர்வுக்கு ஆயத்தமாகவும் அதில் இருபது மணி நேரமாவது வேண்டும். எஞ்சுவது ஆறு மணி நேரம். ஆனர்ஸ் கேட்பதோ பத்து முதல் பதினைந்து. கணக்கு இடிக்கிறது.

அதே மாணவன் கல்லூரி விடுதியிலோ, கல்லூரிக்கு அருகில் ஓர் அறையிலோ தங்கினால் போக்குவரத்து 24 மணியிலிருந்து மூன்று மணியாகக் குறையும். அப்பொழுது மீதி 47 மணி நேரம். வழக்கமான படிப்புக்கு இருபதைக் கழித்தாலும் 27 கையில் இருக்கும். ஆனர்ஸுக்கு இடம் உண்டு, மூச்சு விடவும் இடம் உண்டு.

இருவருக்கும் புத்தி ஒன்றே, மதிப்பெண்ணும் ஒன்றே. ஆனால் ஒருவனுக்கு ஆனர்ஸ் கூடும், மற்றவனுக்குக் கூடாது. இடையில் நிற்பது திறமைக் குறைவு அல்ல, பேருந்து. இதை அறியாமல், "பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்கிறானே, உனக்கு என்ன குறை?" என்று கேட்கும்பொழுது நாம் அநியாயமாகப் பேசுகிறோம்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்னும் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அஸ்திபாரம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நிற்பவனைக் கண்டு ஊர் நகைக்கும். ஆனர்ஸைப் பொறுத்தவரையில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாவது கோபுரத்துக்குக் கல் எடுக்கப்போய், ஏற்கெனவே எழும்பி நிற்கிற முதல் கோபுரத்தின் கல்லையே பெயர்த்துவிடக்கூடும். கூடுதல் பாடத்துக்காக இராக்கண் விழித்து, மூலப் பாடம் ஒன்றில் அரியர் விழுந்துவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். ஆனர்ஸுக்கு அரியர் இல்லாத பதிவைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. வளாக நேர்காணலுக்கு வருகிற நிறுவனங்களில் பலவும் அதையே கேட்கின்றன.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

அப்படியானால் ஆனர்ஸ் வீணா? இல்லை. அது எதற்கு உண்டானதோ அதற்கு மிகவும் நல்லது.

பொறியியலில் ஆனர்ஸ் என்பது பெரும்பாலும் மாணவன் படிக்கிற அதே துறையில் ஆழமாகச் செல்லுவது. மைனர் என்பது வேறொரு துறையில் அடிப்படை பெறுவது. இயந்திரப் பொறியியல் பயிலும் பிள்ளை கணினி அறிவியலில் கூடுதல் பாடங்கள் படித்தால் அது மைனர். அதே பிள்ளை வெப்பவியலிலோ இயந்திர வடிவமைப்பிலோ உயர்நிலைப் பாடங்கள் படித்தால் அது ஆனர்ஸ். மென்பொருள் வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தோடு இயந்திரவியல் ஆனர்ஸில் சேருகிற பிள்ளை, கிழக்கே போக வேண்டியவன் மேற்கே போகிற பேருந்தில் ஏறினதற்கு ஒப்பாகும்.

எம்.டெக். படிக்க வேண்டும், ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், கற்பிக்க வேண்டும், அல்லது வடிவமைப்புப் போன்ற ஆழ்ந்த அறிவு தேவைப்படுகிற தொழிலுக்குப் போக வேண்டும் என்றிருப்பவருக்கு ஆனர்ஸ் பாடங்கள் நல்ல அஸ்திபாரம். திருப்பதியிலேயே 2015இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் நம் பிள்ளைகளின் கண்ணெதிரே நிற்கின்றன. மேற்படிப்புக்கு அப்படிப்பட்ட இடங்களின் வாசலில் போய் நிற்க விரும்புகிற பிள்ளைக்கு, மூன்றாம் ஆண்டிலேயே உயர்நிலைப் பாடங்களோடு பழகியிருப்பது தைரியம் தரும்.

ஆனால் ஆனர்ஸ் என்ற சொல் பட்டத்தில் இருப்பதினாலேயே வேலை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நேர்காணலில் கேட்பவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் சராசரியையும், அரியர் உண்டா இல்லையா என்பதையும், கேட்ட கேள்விக்குப் பிள்ளை என்ன பதில் சொல்லுகிறான் என்பதையும் பார்க்கிறார்கள். அரசு வேலைகளுக்கான அறிவிப்புகள் பெரும்பாலானவற்றில் பட்டமே தகுதி.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர்

ஆனர்ஸ் என்பது யாருக்குப் பொருந்தும் என்பதை விளக்க ஓர் உதாரணம் உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் தமிழர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். அவருடைய உள்ளம் கணிதத்தை நாடியது. தகப்பனார் இயற்பியலை விரும்பினார். மகன் இயற்பியலில் பெயரைப் பதிவு செய்தார். ஆனால் கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்து கேட்டார். அதற்காக அவருக்கு இரண்டாவது பட்டம் ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பட்டம் முடிவதற்கு முன்னரே தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். 1930இல் அரசாங்க உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அந்தக் கப்பல் பயணத்திலேயே விண்மீன்களின் முடிவைக் குறித்து அவர் போட்ட கணக்கு பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. 1983இல் நோபல் பரிசு வந்தது.

இதைச் சொல்லுவது, ஆனர்ஸ் படித்தால் நோபல் பரிசு கிடைக்கும் என்பதற்காக அல்ல. இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, யாரும் கட்டாயப்படுத்தாத வகுப்பில் அவர் தாமாகப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது, தகப்பனாரின் விருப்பத்துக்கும் தம் விருப்பத்துக்கும் அவர் ஒரே காலத்தில் இடம் கண்டார். அக்காலத்து ஆனர்ஸில் ஓராண்டு கூடுதலாக இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. படிக்க வேண்டும் என்ற தாகமும், படிக்க நேரமும் ஒருங்கே இருந்தன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கூடுதல் பாடம் பாரமாகிவிடும்.

உங்கள் பிள்ளைக்கு அந்தத் தாகம் உண்டா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில், தேர்வுக்கு வராது என்று தெரிந்தும், தன் துறையைச் சேர்ந்த ஏதாவது ஒன்றைத் தானாகத் தேடிப் படித்தானா, செய்து பார்த்தானா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஆனர்ஸ் அவனுக்கு ஏற்றதாக இருக்கலாம். இல்லை என்றால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் சற்றுப் பொறுங்கள்.

வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம்

இக்காலத்தில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் பாடங்களை யாரும் இலவசமாகக் கேட்கலாம். 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்திலும் அவை கிடைக்கின்றன. சில பாடங்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்ப்பு உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்ந்த சித்தூர்ப் பிள்ளைகளுக்கு இது பேருதவி.

ஆனர்ஸ் கிரெடிட்டில் ஒரு பகுதியை இந்தப் பாடங்களின் மூலம் பெறப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. பொதுவாக எட்டு வாரப் பாடத்துக்கு இரண்டு கிரெடிட், பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று. ஆனால் காணொளியைக் கேட்டுவிட்டால் மட்டும் கிரெடிட் வராது. வாரந்தோறும் குறித்த நாளுக்குள் ஒப்படைப்பு அனுப்ப வேண்டும். தேர்வுக்குத் தனியே பெயர் பதிந்து, கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. தேறுவதற்கு ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 குறைந்தது வேண்டும். அதோடு, எந்தப் பாடம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதைக் கல்லூரி முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தானாக ஒரு பாடத்தை முடித்துவிட்டு, பிறகு சான்றிதழோடு போய் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே என் ஆலோசனை இது. ஆனர்ஸில் பெயர் கொடுக்கும் முன், இரண்டாம் ஆண்டிலேயே தன் துறையில் ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தை எடுத்து, ஒரு ஒப்படைப்பும் தவறாமல் முடித்துப் பார்க்கட்டும். மூன்று கிரெடிட்டுக்குரிய உழைப்பு எப்படிப்பட்டது என்பது அப்பொழுது விளங்கும். இருபது அதில் ஏறக்குறைய ஏழு மடங்கு. பன்னிரண்டு வாரமும் உற்சாகம் குறையாமல் இருந்தால் தைரியமாகச் சேரலாம். நான்காம் வாரத்திலேயே சலிப்பு வந்துவிட்டால், பெரிய செலவில்லாமல் ஓர் உண்மையை அறிந்துகொண்டோம் என்று நன்றியோடு விட்டுவிடலாம்.

துறைத் தலைவரிடம் கேட்க வேண்டியவை

எல்லாக் கல்லூரிக்கும் விதி ஒன்றல்ல. அனந்தபூர் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி, அதில் தன்னாட்சி பெற்ற கல்லூரி, 1954இல் தோன்றிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு, தனியார் பல்கலைக்கழகம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிப் புத்தகம் உண்டு. ஒரே கல்லூரியிலும் சேர்ந்த ஆண்டைப் பொறுத்து விதி மாறும். மூத்த மாணவர் சொன்னதை நம்பிச் சேர வேண்டாம். பின்வரும் கேள்விகளுக்கு விதிப் புத்தகத்திலிருந்தே பதில் கேளுங்கள்.

சேர எந்தச் சராசரி வேண்டும்? அந்தச் சராசரி பின்னர்க் குறைந்தால் ஆனர்ஸ் ரத்தாகுமா? ஓர் அரியர் விழுந்தால் என்ன ஆகும்? வகுப்புகள் கல்லூரி நேரத்திலா, மாலையிலா, சனிக்கிழமையிலா? கூடுதல் கட்டணம் உண்டா, அதைக் கல்வி உதவித்தொகை ஏற்குமா? இடையில் விட்டுவிட்டால் மூலப் பட்டத்துக்குக் குறை வருமா? படித்து முடித்த கூடுதல் பாடங்கள் மதிப்பெண் பட்டியலில் காட்டப்படுமா?

இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு பிள்ளையோடு தகப்பனோ தாயோ ஒருமுறை கல்லூரிக்குப் போய்வருவது நல்லது. "எங்களுக்கு அந்தப் படிப்பெல்லாம் என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். பாடம் தெரியாவிட்டாலும் நேரத்தின் விலை நமக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று அனுமதித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பைப் பொறியியலோடு சேர்த்துப் படிக்கிறவர்களும் உண்டு. ஒன்றை ஒன்றோடு சேர்ப்பது சிலரால் கூடும். ஆனர்ஸ், மைனர், இரண்டாம் பட்டம் என்று மூன்றையும் ஒரே பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, அவன் முகத்தில் சிரிப்பு இல்லையே என்று விசாரப்படுவது சரியல்ல.

நேரத்தைக் கொடுக்கிற வீடு

பெற்றோரே, ஆனர்ஸுக்கான விலை பெரும்பாலும் பணத்தில் இல்லை. அது மணி நேரத்தில் இருக்கிறது. அந்த மணி நேரத்தைப் பிள்ளை தன் உறக்கத்திலிருந்து எடுக்க வேண்டுமா, அல்லது குடும்பம் வேறிடத்திலிருந்து எடுத்துக் கொடுக்குமா என்பதே காரியம். பிள்ளை ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்று வீடு விரும்பினால், அந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கல்லூரிக்கு அருகே தங்க இடம் தேடிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு உறவினர் விசேஷத்துக்கும் வா என்று அழைக்காதிருக்கட்டும். சனிக்கிழமைகளில் கடையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் தேடட்டும். இவற்றில் ஒன்றும் செய்ய இயலாத நிலை இருந்தால், அது வெட்கமல்ல. ஆனால் அப்பொழுது ஆனர்ஸையும் கேட்கக் கூடாது.

பெண் பிள்ளைகளைக் குறித்து ஒரு வார்த்தை. ஆண் பிள்ளை மாலையில் புத்தகத்தோடு உட்காருகிறான். பெண் பிள்ளை அடுப்படியை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குமேல் உட்காருகிறாள். இருவரும் ஒரே சராசரி பெற்றிருந்தால், அதிகத் திறமை யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டு வேலையைச் சமமாகப் பகிர்ந்துவிட்டால், ஆனர்ஸுக்கு வேண்டிய பத்து மணி நேரம் பல வீடுகளில் அங்கேயே கிடைத்துவிடும். "எப்படியும் கல்யாணம் ஆகிப் போகிறவள்தானே" என்று சொல்லி அவளுடைய படிவத்தை மடித்து வைக்க வேண்டாம்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சேருவதானால் உங்கள் தாகத்துக்காகச் சேருங்கள். தகப்பனின் நண்பர்கள் கேட்டால் சொல்லுவதற்காகவும், அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அச்சிடுவதற்காகவும் சேராதிருங்கள். சேர்ந்த பிறகு பாரம் மிஞ்சினால், மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். விதி இடம் கொடுக்குமானால் இடையில் நிறுத்துவதில் அவமானம் ஒன்றுமில்லை. கூடுதலாக எடுத்ததைத்தான் கீழே வைக்கிறீர்கள். சேராமல் இருந்தாலும் ஆழமாகப் படிக்கத் தடையில்லை. ஒரு பாடத்தை நன்றாய்க் கற்று, ஒரு திட்டப்பணியைத் தன் கையால் முழுமையாய்ச் செய்து, அதைக் குறித்து எவர் கேட்டாலும் விளக்கத் தெரிந்த மாணவன் எந்த நேர்காணலிலும் தலைகுனிய வேண்டியதில்லை.

பல குடும்பங்களில் கிராமத்தை விட்டு வந்த முதல் தலைமுறை நாம், கல்லூரியின் படியேறிய முதல் தலைமுறை நம் பிள்ளைகள். கல்விக் கடன் தீருவதும், தம்பி தங்கையின் படிப்பும் அந்த 160 கிரெடிட்டின்மேல் நிற்கின்றன. ஆகவே முதலில் அது உறுதியாகட்டும். அதற்குமேல் தாகமும் நேரமும் இருக்குமானால் இருபதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்த வாரத்தில் ஒரு மாலை, பிள்ளையோடு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளை தொலைவில் இருந்தால் தொலைபேசியிலாவது பேசுங்கள். தாளின் மேலே 168 என்று எழுதுங்கள். உறக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்த பிறகு, பதில் சொல்லுங்கள்.